துரை பங்களாப் பீங்கான்: பார்த்து வாங்க, சொல்லி விற்க

அத்தியாயம் 7

புசல்லாவையைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்களை அடுக்கிப் பாருங்கள்: ரொத்சைல்ட், ஹெல்பொட, டெல்டா, சோகம, மெல்போர்ட், ஸ்டெலன்பேர்க். ஒவ்வொரு தோட்டத்துக்கும் மேட்டில் ஒரு பெரிய துரை பங்களா. பங்களாவுக்குள் நீண்ட சாப்பாட்டு மேசை. மேசைக்கு டினர் செட், மாலைக்கு டீ செட். அந்தச் சாமான்களில் பெரும்பங்கு இங்கிலாந்தின் ஸ்டஃபோர்ட்ஷயர் மாவட்டத்துச் சூளைகளில் சுட்டுக் கப்பலேறி வந்தது. துரைமார் போனார்கள். சாமான்களில் ஒரு பகுதி இங்கேயே தங்கிவிட்டது. ஓய்வுபெற்ற அப்புமாரின் வீட்டுக் கண்ணாடி அலுமாரியிலும், கம்பளைப் பழைய சாமான் கடையின் பின்தட்டிலும், சில வேளை கோழிக்குத் தண்ணீர் வைக்கும் பாத்திரமாகவும் அது இன்றும் கிடைக்கிறது.

இதைச் சேர்த்து விற்க இறங்குகிறவர் முதலில் நினைப்பது, இங்கிலாந்துச் சாமானை இங்கிலாந்துக்காரருக்கே விற்றால் நல்ல விலை வரும் என்பதுதான். நடப்பு வேறு. அங்கே பெரிய டினர் செட் வைத்துச் சாப்பிடும் பழக்கம் குறைந்துவிட்டது. தர்ம நிறுவனங்கள் நடத்தும் பழம்பொருள் கடைகளில் இதே பீங்கான்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. புசல்லாவையில் வாங்கிய பீங்கானுக்கு மதிப்பு இந்தத் தீவுக்குள்தான் அதிகம். காரணம் இரண்டு. பழைய பங்களாக்களை விடுதியாக்கியவர்களுக்குப் பொருத்தமான செட் தேவை. எந்தத் தோட்டத்துப் பங்களாவிலிருந்து வந்தது என்ற விவரம் இங்கேதான் விலையாகிறது. இந்த அத்தியாயத்தின் எல்லா ஆலோசனைகளும் அந்த இரண்டையும் ஒட்டியவை.

எந்தக் காலத்துச் சாமான் கைக்கு வரும்?

ஊரின் வரலாறு தெரிந்தால் பாதிப் பீங்கானுக்குக் காலம் சொல்லிவிடலாம். ரொத்சைல்ட் குடும்பத்து உறவினரான மொரிஸ் வோர்ம்ஸ் 1841இல் சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலைக் கன்றுகள் இங்குள்ள ரொத்சைல்ட் தோட்டத்தில் நடப்பட்டன. ஆனாலும் அன்று இது கோப்பி நாடு. கண்டிக்கு ரயில் வந்தது 1867இல்தான். அதற்கு முந்திய பங்களாச் சாமான் எல்லாம் மாட்டுவண்டியில் மலையேறியது. அந்தக் கோப்பிக் காலத்துப் பீங்கான் வெள்ளையில் நீலம் பதித்த கனமான வகை. அபூர்வமாகவே வரும். வந்தால் அவசரப்பட்டு விற்காதீர்கள்.

1869இல் கோப்பி இலைநோய் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டில் தேயிலை இடத்தைப் பிடித்தது. 1880களில் தொடங்கி, ஸ்டேர்லிங் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான 1975 வரை பங்களாக்களுக்கு வந்து சேர்ந்தவைதான் நீங்கள் அடிக்கடி காணப்போகும் சாமான்கள். அதிலும் 1920க்கும் 1960க்கும் இடைப்பட்டவையே மிகுதி. ஜோன்சன் பிரதர்ஸ், அல்பிரட் மீக்கின், ஜே அன்ட் ஜி மீக்கின், கிரின்ட்லி போன்றவை அன்றாடப் பாவனைக்கான நிறுவனங்கள். வெட்ஜ்வுட், ஸ்போட், மின்டன், ராயல் டோல்டன், ராயல் வூஸ்டர் ஆகியவை உயர்தர நிறுவனங்கள். முதல் வகை பத்து வந்தால் இரண்டாம் வகை ஒன்று வந்தாலே நல்ல நாள்.

முதலில் பின்புறம்

பூவைப் பார்த்து விலை சொல்கிறவர் ஏமாறுவார். பீங்கானைக் கவிழ்த்து அடியிலுள்ள முத்திரையைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர், ஊர், பூவேலையின் பெயர், எண்கள் அங்கே இருக்கும். காலம் கணிக்கக் கீழ்க்கண்ட அடையாளங்கள் போதும்.

1. சாய்சதுரக் கட்டம். நான்கு மூலையிலும் எழுத்தும் எண்ணும் கொண்ட சிறிய சாய்சதுரம் இருந்தால், அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் இங்கிலாந்தில் பதிவானது.

2. ஆர், டி என்ற ஆங்கில எழுத்துகளும் எண்ணும். 1884 தொடக்கம் சாய்சதுரத்துக்குப் பதிலாக வந்த பதிவெண் இது. 1இல் தொடங்கிய எண்வரிசை 1890 தொடக்கத்தில் 141273 ஆகவும், 1900 தொடக்கத்தில் 351202 ஆகவும் இருந்தது. உங்கள் பீங்கானில் 200000 என்று இருந்தால் வடிவமைப்பு 1890களில் பதிவானது. பதிவான ஆண்டு வேறு, சுட்ட ஆண்டு வேறு என்பதை மறக்க வேண்டாம். ஒரே பூவேலையை முப்பது ஆண்டு தொடர்ந்து சுட்ட நிறுவனங்கள் உண்டு.

3. நாட்டின் பெயர். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. 1891 தொடக்கம் பெரும்பாலான முத்திரைகளில் 'இங்லண்ட்' ஏறியது. 'மேட் இன் இங்லண்ட்' என்று முழுதாக இருந்தால் அநேகமாக 20ஆம் நூற்றாண்டு. நாட்டின் பெயர் இல்லாததால் மட்டும் பழையது என்று முடிவுகட்ட முடியாது. ஒரு செட்டில் சில துண்டுகளுக்கு முத்திரையே இடாமல் விட்டதும் உண்டு.

4. ராயல் டோல்டனின் சிங்கமும் முடியும். 1928இல் தொடங்கிச் சில பத்தாண்டுகளுக்கு, முத்திரையின் வலப்பக்கத்தில் ஒரு சிற்றெண் இருக்கும். அதை 1927உடன் கூட்டினால் சுட்ட ஆண்டு வரும். எண் 11 என்றால் 1938. மின்டன் 1842 தொடக்கமும் வெட்ஜ்வுட் 1860 தொடக்கமும் ஆண்டைக் குறிக்கத் தமக்கெனக் குறிகள் வைத்திருந்தன. அவற்றை அட்டவணை பார்த்தே வாசிக்க வேண்டும்.

5. பாவனைக் குறிப்பு. 'டிஷ்வொஷர் சேஃப்', 'டிடேர்ஜன்ட் புரூப்' போன்ற சொற்கள் இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்டது. அதில் குறையொன்றுமில்லை. அன்றாடம் பாவிக்க வாங்குகிறவருக்கு அதுவே நல்ல செய்தி.

முத்திரைகளைத் தேட நம்பகமான நூல், ஜெஃப்ரி கோடன் தொகுத்து 1964இல் வெளிவந்த பிரித்தானிய மட்பாண்ட, பீங்கான் முத்திரைக் கலைக்களஞ்சியம். முத்திரை தெரிந்தும் பூவேலையின் பெயர் தெரியாவிட்டால் அமெரிக்காவின் வட கரோலைனாவில் 1981இல் தொடங்கிய ரிப்ளேஸ்மென்ட்ஸ் நிறுவனத்தின் படப் பட்டியலைப் பாருங்கள். அது உடைந்த செட்டுகளுக்கு விடுபட்ட துண்டுகளை விற்கும் நிறுவனம் என்பதால் பூவேலைகளைப் பெயர்வாரியாக வைத்திருக்கிறது. அங்கே போட்டிருக்கும் விலையை உங்கள் விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயரை மட்டும் எடுங்கள்.

மயங்க வைக்கும் ஐந்து

சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும். முத்திரையில் அரச சின்னம் இருந்தால் 'ராணி வீட்டுச் சாமான்' என்று விற்கப் பார்ப்பார்கள். அன்றைய ஸ்டஃபோர்ட்ஷயர் நிறுவனங்கள் பல அந்தச் சின்னத்தை அலங்காரமாகவே போட்டுக்கொண்டன. அதனால் விலை ஒரு ரூபாயும் கூடாது.

நிறுவன ஆண்டு. முத்திரையில் 1759 என்றோ 1883 என்றோ இருந்தால் அது நிறுவனம் தொடங்கிய ஆண்டாக இருக்கலாம். வெட்ஜ்வுட் 1759இலும் ஜோன்சன் பிரதர்ஸ் 1883இலும் தொடங்கின. ராயல் அல்பர்ட்டின் 'ஓல்ட் கன்ட்ரி ரோசஸ்' சாமானில் காணும் 1962, அந்தப் பூவேலை வெளியான ஆண்டு. அதே ரோஜா பின்னாளில் இந்தோனேசியாவிலும் தயாரானது. ஆகவே 'இங்லண்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

இரண்டு வெட்ஜ்வுட். 'வெட்ஜ்வுட் அன்ட் கோ' என்றிருந்தால் அது டன்ஸ்டல் ஊரில் இயங்கிய வேறொரு நிறுவனம். ஜோசாயா வெட்ஜ்வுட்டின் சாமானுக்குரிய விலை அதற்கு வராது. விற்கிறவருக்கே இந்த வேறுபாடு தெரியாதிருப்பது சகஜம்.

முடிசூட்டுப் பீங்கான்கள். 1911, 1937, 1953 முடிசூட்டு விழாக்களுக்காக அடித்தவை ஏராளம். எட்டாம் எட்வர்ட் முடிசூடாமலே 1936இல் பதவி துறந்ததால் அவர் பெயரிட்ட சாமான் அபூர்வம் என்ற பேச்சு உண்டு. விழா நடக்கும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே பெருந்தொகையாகச் செய்து விற்றுவிட்டார்கள் என்பதே உண்மை.

நம்மூர் உறவினர். மாத்தளையில் தயாரான நொரிட்டாக்கே, 1984இல் தொடங்கிய தங்கொட்டுவ ஆகியவற்றின் சாமான்களைத் தூரத்தில் பார்த்தால் இங்கிலாந்துச் சாமான் போலவே இருக்கும். ஒல்லாந்தின் மாஸ்ட்ரிச் நகரத்துப் பெட்ரஸ் ரெகூ பீங்கானும் கலந்து வரும். இவை தாழ்ந்தவை என்று எண்ண வேண்டாம். தனி வரிசையில் வையுங்கள், தனிப் பெயரில் விற்றுவிடுங்கள்.

கையும் கண்ணும் காதும்

முத்திரை சொன்னதைச் சாமான் உறுதிப்படுத்த வேண்டும். பீங்கானை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பின்னால் விரல்களை அசையுங்கள். நிழல் தெரிந்தால் அது போன் சைனா, அல்லது போர்சலின். தெரியாவிட்டால் எர்தன்வேர் அல்லது அயன்ஸ்டோன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசாயா ஸ்போட் பக்குவப்படுத்திய போன் சைனாக் கலவையில் ஏறக்குறைய பாதி, எரித்த மாட்டெலும்பின் சாம்பல். மரக்கறி மட்டும் உண்ணும் வீட்டுக்கோ பூசைத் தேவைக்கோ ஒருவர் வாங்கினால் இதை நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் தெரிந்து திருப்பிக் கொண்டுவந்தால் குறை உங்களுடையது.

அடுத்தது காது. பீங்கானை விரல் நுனிகளில் ஏந்தி, மறுகையின் நகத்தால் விளிம்பில் மெல்லத் தட்டுங்கள். நீண்டு ஒலித்தால் நல்லது. மந்தமாக அடங்கினால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. எர்தன்வேர் இயல்பாகவே குறைவாக ஒலிக்கும் என்பதால் ஒரே வகைச் சாமானை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கேளுங்கள்.

பிறகு விரல். கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைச் சுற்றி வருடினால் கண்ணுக்குத் தப்பிய சில்லுகூட விரலில் தட்டும். பூசி மறைத்த இடம் மற்ற இடத்தைவிடச் சற்று மெத்தென்றும் குளிர்ச்சி குறைந்தும் இருக்கும். பணத்தாள் பார்க்கும் ஊதாக்கதிர் டோர்ச் இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். பசையும் சாயமும் இட்ட இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும்.

மலைநாட்டுச் சாமானில் அதிகம் காணும் குறை, மெருகுப் பூச்சு முழுவதும் சிலந்திவலை போலப் பரவிய நுண்வெடிப்பு. எர்தன்வேரின் உடல் ஈரத்தை உறிஞ்சிக் காலப்போக்கில் மிகச் சிறிதளவு பெருக்கும். மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு அந்தப் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே எண்ணெயும் தேநீர்ச் சாயமும் இறங்கிப் பழுப்பாகும். எட்டு மாதம் மழையும் பனியும் பார்க்கும் ஊரில் இதைத் தவிர்ப்பது கடினம். சுவரில் மாட்ட வாங்குகிறவருக்கு இது அழகாகவே தோன்றலாம். சாப்பிட வாங்குகிறவருக்கு விற்காதீர்கள்.

உடைந்த இரண்டு துண்டைச் சிறிய உலோகக் கவ்விகளால் தைத்த பீங்கான் வந்தால் வீசிவிட வேண்டாம். நல்ல பசைகள் வருமுன் அப்படித்தான் சீர்செய்தார்கள். அந்தத் தையலுக்காகவே வாங்கும் சேகரிப்பாளர்கள் உண்டு.

எங்கே வாங்குவது, எப்படிப் பேசுவது

பங்களாவில் அப்புவாகவோ காவலாகவோ வேலை செய்த குடும்பங்கள் முதல் வழி. துரை ஊர் திரும்பும்போது விட்டுப் போன சாமான், கல்யாணத்துக்குத் தந்த டீ செட் என்று அவர்களிடம் இருக்கும். இரண்டாவது வழி போத்தல், பழைய இரும்பு வாங்குகிறவர்கள். பீங்கான் அவர்களுக்குச் சுமை. 'உடையாமல் கொண்டுவந்தால் நான் எடுக்கிறேன்' என்று சொல்லி வைத்தால் தேடி வருவார்கள். மூன்றாவது கம்பளை, நாவலப்பிட்டி, கண்டிப் பழைய சாமான் கடைகள். நான்காவது, தேவாலயங்கள் நடத்தும் பழம்பொருள் விற்பனையும் பழைய வளவுகள் கைமாறும்போது வரும் ஏலமும்.

வீட்டில் போய் வாங்கும்போது ஒரு ஒழுங்கைக் கைக்கொள்ளுங்கள். லயத்துக் காம்பராவில் கண்ணாடி அலுமாரிக்குள் நாற்பது ஆண்டு வைத்திருந்ததை ஒரு மூதாட்டி எடுத்துக் காட்டுகிறார் என்றால், அவர் கேட்கும் விலை அந்தச் சாமானின் விலையாக இராது; அந்த வாரத் தேவையாக இருக்கும். ஆயிரம் கேட்டார், பெறுமதி எட்டாயிரம் என்று உங்களுக்குத் தெரிந்தால் ஆயிரத்துக்கு முடிக்காதீர்கள். இப்படிச் சொல்லலாம்:

“அம்மா, இது நீங்க நினைக்கிறதவிடக் கூடப் போகும். நான் விசாரிச்சிட்டு ரெண்டு நாள்ல வந்து சொல்றேன். அதுக்குள்ள வேற யாரும் நல்ல விலை தந்தா குடுங்க, நான் கோவிக்க மாட்டேன்.”

இது தர்மத்துக்காக மட்டும் சொல்வதல்ல. சிறிய ஊரில் ஒரு வீட்டில் நேர்மையாக வாங்கினால் அடுத்த பத்து வீட்டின் அலுமாரி உங்களுக்காகத் திறக்கும். ஏமாற்றியது தெரிந்தால் அந்தத் தோட்டமே மூடிக்கொள்ளும்.

உரிமை பற்றி எச்சரிக்கையாக இருங்கள். அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. பங்களாவில் இன்றுமுள்ள சாமான் கம்பனிச் சொத்து. இருப்புப் பட்டியலில் எண்ணோடு இருக்கக்கூடும். பங்களாவின் பின்கதவால் வரும் பீங்கானை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள். கம்பனி முறைப்படி விற்றதென்றால் பற்றுச்சீட்டு இருக்கும். வீட்டார் விற்றால் 'இன்ன சாமான், இன்ன தொகைக்கு, இன்ன தேதியில் விற்றேன்' என்று ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

வாங்கும் அன்றே இன்னொரு வேலையும் இருக்கிறது. எந்தத் தோட்டம், பங்களாவில் யாருடைய காலம், கைக்கு எப்படி வந்தது என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே குறிப்பேட்டில் எழுதுங்கள். 'எங்க அப்பா ஹெல்பொடயில அப்புவா இருந்தாரு, துரை போறப்ப குடுத்தது' என்றால் அவ்வளவுதான் எழுத வேண்டும். அதில் கவர்னர் விருந்தையும் இளவரசர் வருகையையும் சேர்த்தால் அடுத்த வாங்குநர் ஒரே கேள்வியில் அதை உடைத்துவிடுவார். உங்கள் மற்றக் குறிப்புகளையும் பிறகு நம்பமாட்டார். வீட்டாரின் பெயரை வெளியில் சொல்ல அவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

கழுவுதல், வைத்தல், பாவித்தல்

பிளாஸ்டிக் பேசினின் அடியில் துவாயை விரித்து, வெதுவெதுப்பான நீரும் மென்மையான சவர்க்காரமும் இட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழுவுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். இரும்பு நார், சாம்பல், செங்கற்பொடி எதுவும் ஆகாது. தங்கக் கோடு ஒரே தேய்ப்பில் போய்விடும். குளோரின் கலந்த வெளுப்பான் வெடிப்புக்குள் இறங்கி மெருகையே உரிக்கும். பழுப்பேறிய, தங்கக் கோடு இல்லாத எர்தன்வேர் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் மென்செறிவான ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் துணியை நனைத்துச் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டிச் சில நாள் வைக்கலாம். கையுறை அணிந்துகொள்ளுங்கள். பின்பு நல்ல நீரில் ஊறவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் அடுக்குங்கள்.

அடுக்கும்போது இரண்டு பீங்கானுக்கு இடையே மெல்லிய துணியோ வெள்ளைக் கடதாசியோ இருக்கட்டும். பீங்கானின் அடிவளையம் மெருகேறாமல் கரகரப்பாக இருப்பதால் கீழிருப்பதைக் கீறும். பத்துக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்ற வேண்டாம். கோப்பைகளைக் காதில் தொங்கவிட வேண்டாம். அலுமாரி நனைந்த சுவரோடு ஒட்டி நிற்கக் கூடாது.

சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பழைய மெருகிலும், மெருகுக்கு மேல் தீட்டிய நிறங்களிலும் ஈயம் இருக்கக்கூடும். புளிப்பு அதைக் கரைக்கும். தேசிக்காய் ஊறுகாய், புளிக்குழம்பு, தயிர், அச்சாறு போன்றவற்றைப் பழைய பீங்கானில் வைக்கவே வேண்டாம். பூவேலை மெருகுக்கு மேலா கீழா என்று அறிய, சாய்வாகப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் மேடாகத் தெரிந்தாலோ, பூவின் மேல் மட்டும் பளபளப்பு மாறினாலோ மேலே தீட்டியது. அதைக் காட்சிக்கென்று சொல்லி விற்பதே பாதுகாப்பு. தங்கக் கோடு போட்டதை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விலை கட்டும் முறை

விலையைத் தீர்மானிப்பதில் வயது கடைசி. குறையின்மை முதல். செட்டாக இருப்பது இரண்டாவது. நிறுவனமும் பூவேலையும் மூன்றாவது. இடவரலாறு நான்காவது. குறையற்ற ஆறு 1950களின் ஜோன்சன் பிரதர்ஸ் டினர் பீங்கான்கள் ஒரு வாரத்தில் விற்கும். விரிசல் விட்ட ஒற்றை 1880களின் பீங்கான் ஓராண்டு அலுமாரியில் தூங்கும். இதற்கு ஒரு விதிவிலக்கு: ஹோட்டல், கிளப், கப்பல் கம்பனி, ரயில் சேவை இவற்றின் பெயரோ சின்னமோ முன்புறம் பொறித்த சாமான். இலங்கைப் பெயர் இருந்தால் சிறு குறையையும் வாங்குநர் மன்னிப்பார்.

கணக்கு இப்படிப் போடுங்கள். ஆறு பீங்கான் 9,000 ரூபாய். போக்குவரத்து 800. கழுவ, கட்ட 700. மொத்தம் 10,500. ஒன்றில் விரிசல் இருக்கிறது. அதைக் கணக்கிலிருந்து தூக்கிவிடுங்கள். 10,500ஐ ஐந்தால் வகுத்தால் ஒன்றின் அடக்கம் 2,100. நூற்றுக்கு நாற்பது வைத்தால் 2,940. விரிசல் விட்டது எவ்வளவுக்குப் போனாலும் அது கைமேல் வந்த உபரி. இந்தத் தொகைகள் முறையைக் காட்டுவதற்கே. சந்தை விலையை, விளம்பரத்தில் கேட்கும் தொகையிலிருந்து எடுக்காமல், விற்று முடிந்த தொகையிலிருந்து எடுங்கள். இணையத்தில் ஒருவர் ஐம்பதாயிரம் கேட்கலாம். மூன்று ஆண்டாக அதே விளம்பரம் கிடக்கிறது என்றால் அது விலையாகாது.

யாருக்கு விற்பது?

பங்களா விடுதிகள்தான் முதல் வாடிக்கை. 2005இல் பொகவந்தலாவைப் பக்கத்துத் துரை பங்களாக்களைச் சிலோன் டீ ட்ரெயில்ஸ் விடுதியாக்கித் திறந்தது. அதன்பின் மலைநாடெங்கும் அந்த வழக்கம் பரவியது. விடுதிக்காரர் கேட்பது ஒரே பூவேலையில் எட்டு, பன்னிரண்டு. உங்களிடம் நான்குதான் இருந்தால் ஒரே நிறத்தில் வெவ்வேறு பூவேலைகளைச் சேர்த்து 'நீல மேசை' என்று கொடுக்கலாம். ஸ்போட் 1816இல் வெளியிட்ட 'புளூ இத்தாலியன்', பல நிறுவனங்கள் அடித்த வில்லோ மரப் பூவேலை, ஜோன்சன் பிரதர்ஸின் நீலக் காட்சிகள் ஆகியவை ஒரே மேசையில் பொருந்தும்.

தேநீர்க் கடைகள், கேக் செய்வோர், உணவுப் படம் எடுப்போர் இரண்டாம் வரிசை. இவர்களுக்கு ஒற்றைப் பீங்கானும் போதும். கிறேவி சட்டி, சீனிக் கிண்ணம், மூடி தொலைந்த டீப் போச்சி எல்லாம் இங்கே போய்விடும். மூன்றாம் வரிசை வெளிநாட்டில் குடியேறிய மலையகக் குடும்பங்கள். விடுமுறைக்கு வரும்போது தாத்தா வேலை செய்த தோட்டத்து நினைவாக ஒரு பீங்கான் கேட்பார்கள். உங்கள் குறிப்பேடு அவர்களிடம்தான் முழு விலை பெறும். தமிழ்நாட்டில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனவர்கள், செட்டிநாட்டு வீடு இன்னதென்று கேட்டு வாங்குவதைப் பார்த்திருப்பார்கள். இங்கே பங்களாவின் பெயர் அந்த வேலையைச் செய்கிறது.

விற்கும்போது எழுதும் குறிப்பு சுருக்கமாகவும் முழுதாகவும் இருக்கட்டும். ஒரு மாதிரி:

“டினர் பீங்கான் 5. ஜோன்சன் பிரதர்ஸ், மேட் இன் இங்லண்ட். 1950கள் என்று கணிப்பு. எர்தன்வேர், குறுக்களவு 25 சென்ரிமீற்றர். நான்கில் குறையில்லை. ஒன்றின் அடிவளையத்தில் நெல்மணி அளவு சில்லு, முன்புறம் தெரியாது. கத்திக் கீறல் இலேசாக உண்டு. புசல்லாவைத் தோட்டமொன்றில் பங்களா வேலை செய்தவர் குடும்பத்திடம் வாங்கியது. காட்சிக்கும் உலர் உணவுக்கும்.”

படம் நான்கு போதும்: முன்புறம், பின்புறம், முத்திரை கிட்டத்தில், குறை கிட்டத்தில். குறையின் படத்தை ஒளிக்காதவருக்கு விலை பேசும் நேரம் பாதியாகும்.

கட்டுதல், அனுப்புதல், சட்டம்

பெட்டியில் பீங்கானைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுங்கள். விளிம்பு அதிர்ச்சியைத் தாங்கும், நடுப்பகுதி தாங்காது. முதலில் வெள்ளைக் கடதாசி, அதன்மேல் குமிழ்ப் பொலித்தீன். பத்திரிகைத் தாளை நேரடியாகச் சுற்றினால் வெடிப்புள்ள சாமானில் மை ஊறும். பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, எல்லாப் பக்கமும் மூன்று விரல் அகலத்துக்குக் கசக்கிய தாள் நிரப்புங்கள். மூடிக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. றம்பொடை வளைவுகளில் ஏறும் பஸ்ஸில் மேல்தட்டில் வைக்காமல் மடியிலோ காலடியிலோ வையுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால், அல்லது பழம்பொருள் கடையாகவே நடத்த நினைத்தால், முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், தொல்பொருளை அனுமதிப்பத்திரமின்றி ஏற்றுமதி செய்யத் தடை விதிக்கிறது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவதோடு, அத்தகைய பொருள்களை வாங்கி விற்பதற்கான உரிமமுறையையும் வகுக்கிறது. 1950களின் டீ செட் இதற்குள் வருமா என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். முத்திரையின் படத்தோடு எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள்.

தொடங்குகிறவருக்கு

முதல் மூன்று மாதம் ஒரே ஒரு வகையை மட்டும் எடுங்கள். நீலம் பதித்த டினர் பீங்கான் நல்ல தொடக்கம். எளிதில் கிடைக்கும், கலந்து விற்கலாம், குறை பளிச்செனத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுக் குறிப்பேட்டில் ஒரு வரி: வாங்கிய நாள், இடம், தொகை, முத்திரை, குறை, கேட்ட வரலாறு, விற்ற நாள், விற்ற தொகை. மூன்று மாத முடிவில் கடைசி இரண்டு கட்டங்களைப் பாருங்கள். எது விரைவாகப் போனதோ அதை அடுத்த சுற்றில் கூட வாங்குங்கள். எது தேங்கியதோ, உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், அடக்க விலைக்கே கொடுத்துவிட்டு அந்தப் பணத்தைப் புழக்கத்தில் விடுங்கள்.